டானிக் கட்சி, களிக் கட்சி

ஆடி மாதம் முழுவதும் கந்தவேலுக்குச் சோறு இறங்கவில்லை. வைகாசியில்தான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஆடி பிறந்ததும் வழக்கப்படி பெண் வீட்டார் வந்து சாரதாமணியைக் கணியூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். திருப்பூர் காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் அவனுக்குச் சொந்தமாகச் சின்ன பனியன் கம்பெனி ஒன்று இருந்தது. கீழே நிட்டிங் மிஷினும் தையல் மிஷின்களும், மாடியில் வீடு. அம்மா மூத்த மகனோடு கோயமுத்தூரில் இருந்ததால், அந்த மாதம் மாடி வீட்டில் அவனும் சுவர்க்கடிகாரமும்தான் குடியிருந்தார்கள். ஒருநாள் பெரியவர்கள் அளவுப் பனியனுக்குக் குழந்தை அளவு லேபிளை வைத்துத் தைக்கச் சொல்லிவிட்டான். நிட்டிங் மிஷின் ஓட்டுகிற கன்னையன் லேபிளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏனுங் முதலாளி, ஆடிக்காத்து உங்களையும் ஒட்டுக்கா தூக்கீட்டுப் போயிருச்சுங்களா?" என்று கேட்டான். கம்பெனியே சிரித்தது. கோபப்படக்கூட கந்தவேலுக்குத் தெம்பில்லை.

ஆவணி பிறந்த அன்று முதல் பஸ்ஸைப் பிடித்துக் கணியூருக்குப் போய் நின்றான். சாரதாமணி அதற்கு முன்பே தலைவாரிப் பூ வைத்து வாசலில் நின்றிருந்தாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் எல்லோர் முன்னாலும் சிரிப்பு வந்துவிடும் என்று இருவருக்குமே பயம்.

புறப்படும்போது மாமனார் வெள்ளியங்கிரி ஒரு மூங்கில் கூடையைக் கொண்டுவந்து மகள் கையில் கொடுத்தார். கூடைக்குள் இரண்டு நாய்க்குட்டிகள், ஒன்றின் மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்று செவலை, மற்றது நல்ல கருப்பு.

"நம்ம தோட்டத்து நாய் போட்டதுங்க மாப்பிள்ளை. கம்பெனிக்குக் காவலுக்காகும்" என்றார்.

பஸ்ஸில் மடத்துக்குளம் தாண்டுவதற்குள் குட்டிகள் விழித்துக்கொண்டன. செவலைக் குட்டி கூடையிலிருந்து எட்டிப் பார்த்து, கந்தவேலின் புது வேட்டியின் மேல் ஏறி, வசதியாக உட்கார்ந்து, நனைத்துவிட்டது. சாரதாமணி நடுங்கிப்போனாள். கந்தவேல் வேட்டியைப் பார்த்தான், குட்டியைப் பார்த்தான், பிறகு வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். கண்டக்டர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான். ஒரு மாதமாக அடைத்து வைத்திருந்த சிரிப்பு அது. அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். திருப்பூர் வந்து சேர்வதற்குள் செவலைக்கு ராக்கெட் என்று அவன் பெயர் வைத்துவிட்டான். கருப்புக்குக் கருப்பட்டி என்று அவள் வைத்தாள்.

மறுநாள் காலையிலேயே சண்டை வந்தது.

கந்தவேலுக்குப் புதுசு என்றால் உயிர். டிரான்சிஸ்டர் ரேடியோ, நைலான் சட்டை, பல்லுக்குப் பசை என்று சந்தையில் எது வந்தாலும் அந்தச் சந்தில் முதலில் வாங்குகிறவன் அவன்தான். அவனுடைய அலமாரியில் ஒரு தட்டு முழுக்க டானிக் பாட்டில்கள். காலையில் இரும்புச்சத்துக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு முன் பசிக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் செரிமானத்துக்கு ஒன்று. குட்டிகள் வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே மருந்துக் கடைக்குப் போய் மீன் எண்ணெய் ஒரு பாட்டில், சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஒரு டப்பா, ஈஸ்ட் மாத்திரை ஒரு டப்பா வாங்கி வந்துவிட்டான்.

சாரதாமணி மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். முகம் கோணிப்போயிற்று.

"இது யாருக்குங்க?"

"குட்டிகளுக்குத்தான் அம்மணி. சீமையில நாய்க்கெல்லாம் இதுதான் குடுக்கறாங்களாம். எலும்பு இரும்பாட்டம் ஆயிருமாம்."

"எங்க தோட்டத்துல நாலு நாய் இருக்குதுங்க. ஒவ்வொண்ணும் கன்னுக்குட்டியாட்டம் இருக்கும். அதுக எந்தக் கடையில டானிக் வாங்கிக் குடிச்சுதுங்க?"

"குடிச்சிருந்தா யானையாட்டம் இருந்திருக்கும்."

"நாய் எதுக்குங்க யானையாட்டம் இருக்கோணும்? ராயிக் களியும் மோரும் ஊத்துனா போதும். கறி எடுக்கற அன்னிக்கு நாலு எலும்பு. அதுக்கு மேல நாய்க்கு என்ன வேணும்?"

"சத்து வேணும்."

"களியில சத்தில்லீங்களா? அப்ப எங்கப்பாரைப் பாத்தா உங்களுக்குச் சத்தில்லாதவராட்டவா தெரியுது?"

மாமனாரையே இழுத்துவிட்டாள். வெள்ளியங்கிரி ஒரு கையால் மூட்டை தூக்குகிற ஆள். ஆனாலும் கந்தவேல் விடவில்லை. அவளும் விடவில்லை. பேசப் பேச இருவருக்கும் உற்சாகம் ஏறிக்கொண்டே போனது. காபி ஆறிப்போய் ஏடு கட்டியது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ராக்கெட் அவனுடைய நாய். அதற்குப் பாலும் ரொட்டியும், மேலே டானிக்கும் மாத்திரையும். கருப்பட்டி அவளுடைய நாய். அதற்குக் களியும் மோரும் எலும்பும், எப்போதாவது ஒரு முட்டை. ஒருவர் நாய்க்கு மற்றவர் எதையும் கொடுக்கக் கூடாது. ஆயுத பூஜை அன்று கம்பெனியில் நூல் நிறுக்கிற தராசில் இரண்டையும் ஏற்றிப் பார்ப்பது. எது கனமோ, எது திடமோ, அந்தக் கட்சி ஜெயித்தது.

செய்தி மாடியிலிருந்து கீழே இறங்க எவ்வளவு நேரமாகும்? மத்தியானத்துக்குள் கம்பெனி இரண்டாகப் பிரிந்துவிட்டது. நிட்டிங் ஆட்களும் அயர்ன் மாஸ்டரும் டானிக் கட்சி. கன்னையன் அதற்குத் தலைவர். செக்கிங் மேஜைப் பெண்கள் மொத்தமும் களிக் கட்சி. மாரக்காள் அதற்குத் தலைவி. அந்த வருஷம்தான் எலெக்ஷன் நடந்து முடிந்திருந்தது. கோஷம் போடுகிற பழக்கம் யாருக்கும் இன்னும் விட்டுப்போகவில்லை.

"போடுங்கம்மா ஓட்டு!" என்று மாரக்காள் கத்திரிக்கோலைத் தூக்குவாள்.

"களியைப் பாத்து!" என்று மேஜை முழுக்கப் பதில் வரும்.

"டானிக் குடிச்ச சிங்கம்!" என்று மிஷின் சத்தத்துக்கு மேல் கன்னையன் கத்துவான். அவன் கட்சிக்குச் சரியான பதில் கோஷம் அமையவில்லை. ஆளுக்கொன்றைக் கத்துவார்கள்.

கந்தவேல் தினமும் காலையில் ராக்கெட்டை மடியில் போட்டு, வாயைப் பிளந்து, ஒரு ஸ்பூன் மீன் எண்ணெயை ஊற்றுவான். ராக்கெட் அதை அமிர்தம் போல நக்கும். நாலைந்து நாள் ஒரு வில்லங்கமும் இல்லை. அதற்கப்புறம் ஒருநாள் ஊற்றும்போது தன்னை யாரோ பார்ப்பது போல இருந்தது. திரும்பினான். வாசற்படியில் கருப்பட்டி உட்கார்ந்திருந்தது. பாட்டிலைப் பார்த்தது. ஸ்பூனைப் பார்த்தது. கடைசியாக அவனைப் பார்த்தது. ஒரு காதை மட்டும் தூக்கி, தலையைச் சாய்த்துக்கொண்டு.

கந்தவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மனசு கேட்கவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டில் ஒன்றுக்கு மட்டும் சத்து கிடைக்கிறது. இன்னொன்று, பாவம், வெறும் களியை நம்பி வளர்கிறது. அவள் பிடிவாதத்துக்கு இந்த வாயில்லா ஜீவன் என்ன செய்யும்? நாளைக்கு அதற்குக் கால் வளைந்துபோனால்? அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று ஒரு ஸ்பூனை ஊற்றிக் கருப்பட்டியின் வாயில் விட்டு, வேட்டி முனையால் அதன் மீசையைத் துடைத்து அனுப்பினான். "போயி உன்ற முதலாளியம்மாகிட்டச் சொல்லிப்போடாதே" என்று அதன் காதில் சொன்னான்.

மறுநாள் மாத்திரையும் சேர்ந்துகொண்டது.

அவன் கீழே இறங்கிப் போனதும் சாரதாமணி களி கிண்டுவாள். கருப்பட்டிக்கு உருண்டை பிடித்து மோரில் கரைத்து வைக்கும்போது ராக்கெட் வந்து நிற்கும். அதன் தட்டில் பாலில் ஊறிய ரொட்டி கொழகொழவென்று கிடக்கும். அதைத் தொட்டுக்கூடப் பார்க்காது. களி மணத்துக்கு அதன் மூக்கு துடிக்கும். வாலை ஆட்டாது, குரைக்காது, சும்மா நிற்கும். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஏஞ்சாமி, உங்கய்யன் உனக்கு ரொட்டிதானே போடறாரு" என்பாள். "ரொட்டி தின்னு எந்த நாய் பொழைச்சுது?" ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்துவிட்டு ஒரு உருண்டையை அதற்கும் உருட்டிப் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை கறிக் குழம்பு வைத்தால் கருப்பட்டிக்கு நாலு எலும்பு, ராக்கெட்டுக்கும் நாலு. எலும்புத் துண்டு எதுவும் மிச்சமில்லாமல் கூட்டி அள்ளி விடுவாள்.

இப்படியாக ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. புரட்டாசியில் வீட்டில் கவுச்சி கிடையாது. ஆனாலும் நாய்களுக்கு அந்த விரதம் இல்லை என்று சாரதாமணியே தீர்மானித்து, கசாப்புக் கடைக்கு மாரக்காளை ரகசியமாக அனுப்பி எலும்பு வாங்கி வந்தாள். இரண்டு குட்டிகளும் தளதளவென்று வளர்ந்தன. மேலெல்லாம் எண்ணெய் தடவியது போல மினுமினுப்பு. சந்தில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"பாத்தியா என்ற ராக்கெட்டை? டானிக் வேலை செய்யுது" என்பான் கந்தவேல்.

"என்ற கருப்பட்டியையும் பாருங்க. களி வேலை செய்யுது" என்பாள் சாரதாமணி.

சொல்லிவிட்டு இருவரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். தன் நாய் வளர்ந்ததில் அவனுக்குப் பெருமை. அவள் நாய் வளர்ந்ததிலும் உள்ளுக்குள் பெருமை, அதைத்தான் வெளியில் சொல்ல முடியவில்லை. அவளுக்கும் அதே கதை. ரகசியம் வைத்திருந்ததாலோ என்னவோ இருவருமே ஒருவர் மீது ஒருவர் கூடுதலாகப் பிரியமாக இருந்தார்கள். அவன் காரணமில்லாமல் மல்லிகைப் பூ வாங்கி வந்தான். அவள் கேட்காமலே அவனுக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வினை வந்தது. தேர்தல் நெருங்கும் வேகத்தில் கந்தவேல் அந்த வாரம் ஒரு ஸ்பூனை இரண்டாக்கியிருந்தான். சாரதாமணியும் உருண்டையைப் பெரிதாக்கியிருந்தாள். போதாததற்குக் கன்னையன் வேறு டீக்கடைப் பன்னைப் பிய்த்து இரண்டுக்கும் போட்டுக்கொண்டிருந்தான். காலையில் நூல் ரூமுக்குள் போன கந்தவேல், கோணிச் சாக்கின் மேல் கருப்பட்டி சுருண்டு கிடப்பதைப் பார்த்தான். சாக்கெல்லாம் நாஸ்தி. கூப்பிட்டால் வாலின் நுனி மட்டும் ஆடியது. மீன் எண்ணெய் நாற்றம் குப்பென்று அடித்தது.

தான் கொடுத்த எண்ணெய்தான். தொடக் கூடாத நாயைத் தொட்டாயிற்று. சாரதாமணியிடம் என்னவென்று சொல்வது? குட்டியை ஒரு பனியன் துணியில் சுற்றி, சைக்கிள் முன்கூடையில் வைத்து, யாரிடமும் சொல்லாமல் மாட்டாஸ்பத்திரியைப் பார்த்து மிதித்தான்.

அதே நேரத்தில் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ராக்கெட் இரண்டு முறை கக்கிவிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தது. சாரதாமணி தலையில் கை வைத்துக்கொண்டாள். எலும்புதான். அவருடைய செல்ல நாய்க்கு அவருக்குத் தெரியாமல் போட்ட எலும்பு எங்கேயோ சிக்கிக்கொண்டது. ராக்கெட்டை முந்தானைக்குள் அணைத்துக்கொண்டு பின்படி வழியாக இறங்கி ஒரு ஜட்கா வண்டியை நிறுத்தினாள். "மாட்டாஸ்பத்திரிக்கு விடுங்கண்ணா, சீக்கிரம்" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் செங்கோட்டையன் பெரிய சரீரம், அதைவிடப் பெரிய குரல். அப்போது ஒரு காங்கேயம் காளையின் வாய்க்குள் கையை விட்டுப் பல் பார்த்துக்கொண்டிருந்தார். காளைக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் சாரதாமணி உட்கார்ந்திருந்தாள். காளைக்கு இந்தப் பக்கம் கந்தவேல் ஓடிவந்து நின்றான்.

"டாக்டரய்யா, கொஞ்சம் அவசரமுங்க!"

அந்தக் குரலைக் கேட்டுக் காளையின் வயிற்றுக்கு அடியில் குனிந்து பார்த்தாள் சாரதாமணி. அவனும் குனிந்தான்.

"நீ எங்க அம்மணி இங்க?"

"நீங்க எங்கீங்க இங்க?"

"அது... ராக்கெட்டா?"

"அது கருப்பட்டிங்களா?"

இருவரும் நிமிர்ந்தார்கள். காளை பெருமூச்சு விட்டது. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, "கேள்வி கேக்கறது என்ற சோலி. ரெண்டு பேரும் ஒரே ஊடுங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"அப்ப ரெண்டையும் மேஜை மேல வையுங்க. என்ன தின்னுச்சுக?"

இருவரும் குட்டிகளை மேஜை மேல் வைத்தார்கள். டாக்டர் ராக்கெட்டின் வயிற்றை அமுக்கினார். கருப்பட்டியின் வாயை மோந்தார். "மீனெண்ணெய்!" என்றார்.

"என்ற நாய் மீனெண்ணெயே குடிக்காதுங்களே" என்றாள் சாரதாமணி.

கந்தவேல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நாந்தான் ஊத்துனேன் அம்மணி. தெனமும். உன்ற நாய் பாவமாப் பாத்துதா... மனசு கேக்கலை. மாத்திரையும் குடுத்தேன்."

சாரதாமணி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு துடித்தது. கோபம் வரப்போகிறது என்று அவன் நினைத்தான்.

"நானு..." என்று ஆரம்பித்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினாள். "நானு ராக்கெட்டுக்குத் தெனமும் களி போட்டனுங்க. எலும்பும் போட்டனுங்க. நாலு எலும்புங்க!"

"என்ற ராக்கெட்டுக்கா?"

"ரொட்டியைப் பாத்து அழுவுதுங்க அது!"

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இருங்க, நான் ஒருக்காச் சொல்லிப் பாக்கறேன். காத்தால பாலு, ரொட்டி, மீனெண்ணெய், மாத்திரை. அப்பறம் களி, மோரு, முட்டை. மேல எலும்பு. ரெண்டுக்குமே. இது நாய் வயிறுங்களா, இல்லை பஞ்சுப் பொதி கட்டற சாக்குங்களா?"

"கன்னையன் பன்னும் போடுவானுங்க" என்றான் கந்தவேல், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது நல்லது என்று.

டாக்டர் சிரித்த சிரிப்பில் காளை கயிற்றை இழுத்தது. குட்டிகள் இரண்டும் தலையைத் தூக்கிப் பார்த்தன. அவற்றுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, வயிறு நிரம்பி வழிகிறது, அவ்வளவுதான் என்று தெரிந்ததும் இருவருக்கும் உயிர் வந்தது.

"சரீங்க டாக்டர், முடிவா ஒண்ணு சொல்லிப்போடுங்க" என்றான் கந்தவேல். "நாய்க்கு டானிக் வேணுமா, வேண்டாமா?"

"நல்லாத் திங்கற நாய்க்கு வேண்டாம்" என்றார் அவர். சாரதாமணியின் முகம் மலர்ந்தது. "இருங்கம்மா, முழுசாக் கேளுங்க. வெறும் களியும் மோரும் மட்டும் ஊத்தி வளத்தாலும் பத்தாது. நாய் கறி திங்கற சாதி. முட்டை, எலும்பு, கறித்துண்டு இதெல்லாம் எப்பவாச்சும் இல்லை, அடிக்கடி வேணும். பச்சை எலும்பாப் போடுங்க. வெந்த எலும்பு சில்லுச் சில்லா உடைஞ்சு குடலைக் கிழிச்சுப்போடும். வெறும் ரொட்டியும் பாலும்தான்னா, அப்ப இவரு டானிக் இல்லாமத் தப்பிக்க முடியாது. குட்டி போட்ட நாய், சீக்குல கிடக்கற நாய், சோறே கிடைக்காம எலும்பும் தோலுமா வந்த நாய், அதுகளுக்கு நானே எழுதித் தருவேன். எவ்வளவுன்னும் நாந்தான் சொல்லோணும். மீனெண்ணெயும் சுண்ணாம்பு மாத்திரையும் எச்சாப் போனா எந்த எலும்புக்குக் குடுத்தமோ அந்த எலும்பே கெட்டுப்போகும். உங்க குட்டிகளுக்கு இப்ப வேண்டியது பூச்சி மருந்தும் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசியும். அதை ரெண்டு பேருல ஒருத்தராச்சும் நினைச்சீங்களா?"

இருவரும் நினைக்கவில்லை.

இன்றைக்குப் பட்டினி, நாளைக்கு மோர்ச்சோறு என்று சொல்லி அனுப்பினார். ஜட்காவை அனுப்பிவிட்டு, அவன் சைக்கிளைத் தள்ள, அவள் பக்கத்தில் நடந்து வந்தாள். ஆளுக்கொரு குட்டி. ரயில்வே கேட்டில் சரக்கு வண்டிக்காக நின்றபோது அவன், "நாலு எலும்பு!" என்றான். அவள், "தெனமும் மீனெண்ணெய்!" என்றாள். பெட்டி பெட்டியாக ரயில் போய்க்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலில் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற முட்டைக்கோசு வண்டிக்காரருக்கு என்ன ஏதென்று தெரியாமலே சிரிப்பு தொற்றிக்கொண்டது.

"நாளைக்குக் கம்பெனியில என்னன்னு சொல்றது?" என்றான்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. நிறுத்தே போடலாம். அத்தனை பேரும் ஆசையா இருக்கறாங்க."

மறுநாள் மிஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழைமரம் கட்டி, பொரிகடலை மூட்டையை அவிழ்த்து வைத்திருந்தார்கள். கல்கத்தாவிலிருந்து சரக்கு எடுக்க வந்திருந்த சேட் ஒருவரும் பூஜைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தராசும் ஆயுதம்தானே என்று அதற்கும் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தான் கன்னையன். ஒரு ராத்திரியில் குட்டிகள் பழையபடி ஆகிவிட்டன. சொல்லப்போனால் பட்டினி கிடந்ததில் பழையதைவிட வேகமாக இருந்தன. இரண்டின் கழுத்திலும் கதம்பச் சரம்.

"முதல்ல எங்க சிங்கம்!" என்று கன்னையன் ராக்கெட்டைத் தூக்கித் தட்டில் வைத்தான். ராக்கெட் தராசின் மாலையைக் கடித்துத் தின்ன ஆரம்பித்தது. தட்டு ஆடியது. "அமுக்கிப் பிடிக்காதீங்க! கள்ள ஓட்டு!" என்று மாரக்காள் கத்தினாள். "ஆரு அமுக்கறா? கையைத்தான் எடுத்துட்டனே!" என்று கன்னையன் இரண்டு கையையும் மேலே தூக்கினான். தூக்கியதுதான் தாமதம், ராக்கெட் ஒரே தாவில் கீழே குதித்தது. குதித்த இடத்தில் பூஜைக்கு வைத்திருந்த புதுத் துணி ரோல் இருந்தது. வெளுத்து வந்த வெள்ளைத் துணி, பை போல உருளையாகப் பின்னியது. ராக்கெட் அதன் நுனியைக் கவ்வியது. அதைப் பார்த்ததும் கருப்பட்டி மாரக்காளின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி அதே நுனியைக் கவ்வியது.

பிறகு இரண்டும் ஓடின.

ரோல் உருண்டது. துணி வாசலைத் தாண்டியது, சந்து முனையைத் தாண்டியது, காதர்பேட்டைக்குள் நுழைந்தது. பூஜை நாள், கடைவீதி முழுக்கக் கூட்டம். ஒரு சைக்கிள்காரர் துணிக்கு மேலே போவதா கீழே போவதா என்று யோசித்து நடுவில் விழுந்தார். இட்லிக் கடைக்காரர் சட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பின்னால் கம்பெனி மொத்தமும் ஓடியது. டானிக் கட்சிக்காரர்கள் "ராக்கெட்!" என்று கத்த, களிக் கட்சிக்காரர்கள் "கருப்பட்டி!" என்று கத்த, வழியில் நின்றவர்கள் ஏதோ புது எலெக்ஷன் என்று நினைத்துக் கை தட்டினார்கள். சேட்டும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பக்டோ! பக்டோ! பிடிங்க!" என்று கத்தியபடி குலுங்கிக் குலுங்கி ஓடி வந்தார்.

சாரதாமணிக்குப் பட்டுச்சேலை தடுக்கியது. கந்தவேல் திரும்பி அவள் கையைப் பிடித்தான். பட்டப்பகலில், நடுக்கடை வீதியில், ஊரே பார்க்க. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இருவரும் கை கோத்துக்கொண்டே ஓடினார்கள். ஓடுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்கள்.

நொய்யல் கரை மணலில் போய்த்தான் குட்டிகள் நின்றன. துணியின் மேல் விழுந்து புரண்டு, ஒன்றின் காதை ஒன்று கடித்துக்கொண்டிருந்தன. இரைக்க இரைக்க வந்து சேர்ந்த மாரக்காள் மணலில் உட்கார்ந்து, "அம்மணி, கடைசியா ஆருதான் செயிச்சாங்க?" என்று கேட்டாள்.

சாரதாமணி நடந்ததைச் சொன்னாள். மீன் எண்ணெயைச் சொன்னாள், எலும்பைச் சொன்னாள், காளைக்கு அடியில் குனிந்து பார்த்ததைச் சொன்னாள். கன்னையன் வாயைப் பிளந்தான். "அப்ப ரெண்டு மாசமா நாங்க தொண்டை கிழியக் கத்துனதுங்?" என்றான். மாரக்காள் ஒரு பிடி மணலை அள்ளி அவன் மேல் போட்டாள். "நீ பன்னுப் போட்டது மட்டும் யோக்கியமா?" என்றாள். கட்சிகள் இரண்டும் அந்த மணலிலேயே கலைந்தன.

சேட் மட்டும் நாய்களைப் பார்க்கவில்லை. குனிந்து துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்ணும் எச்சிலுமாகக் கிடந்ததை இரண்டு கையாலும் இழுத்தார், விட்டார். மறுபடி இழுத்தார். இத்தனை தெரு இழுபட்டும் பின்னலில் ஒரு கண்ணிகூட அறுபடவில்லை. "கந்தவேல்ஜி, இந்தத் துணி... இதே துணி எனக்கு வேணும்" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு.

கந்தவேல் பதில் சொல்லத் திரும்பினான். அவன் முகத்தில் தண்ணீர் வந்து விழுந்தது. சாரதாமணி சேலையைக் கெண்டைக்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் நின்றிருந்தாள். மழைத் தண்ணீர் புதுசாக வந்து ஆறு நிறையப் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு கை அள்ளினாள். "வாங்க, துணியை அலசோணுமல்லங்க!" என்றாள். துணியை அலசுகிற எண்ணம் அவள் கண்ணில் துளியும் தெரியவில்லை. ராக்கெட்டும் கருப்பட்டியும் குரைத்துக்கொண்டே அவளுக்குப் பின்னால் தண்ணீரில் குதித்தன.

கந்தவேல் சேட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, சட்டையோடு ஆற்றில் இறங்கினான்.

"முதலாளி, கம்பெனியில சூடம் காட்டோணுமுங்க! நேரமாச்சுங்க!" என்று கன்னையன் கரையில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.